நெட்டோட்டமும் கோலாலம்பூரின் வெம்மையும்

விளையாட்டு வரலாற்றைப் பட்டியல் கொண்டு படிப்போர்க்கு ஒரு மயக்கம் நேர்வதுண்டு. தொலைவும் நேரமும் எண்களாக எழுதப்பட்டுவிட்டால், ஓரூரில் வென்றவரையும் வேறோர் ஊரில் வென்றவரையும் ஒரே துலாத்தட்டில் வைத்து நிறுத்துவிடலாம் என்று தோன்றும். 1998ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளில் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியை மலேசியத் தமிழரான கோ. சரவணன் வென்றார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 4 மணி 10 நிமிடம் 5 விநாடி. நான்கு ஆண்டு கழித்து, மான்செஸ்டர் நகரில் அதே போட்டியை வென்ற ஆஸ்திரேலியர் நாதன் டீக்ஸ் 3 மணி 52 நிமிடம் 40 விநாடியில் நடந்து முடித்தார். இரண்டுக்கும் இடையே 17 நிமிடத்திற்கு மேற்பட்ட வேறுபாடு உண்டு. பட்டியலை மட்டும் பார்ப்போர், கோலாலம்பூர் வெற்றி சொந்த மண்ணில் எளிதாகக் கிட்டிய வெற்றி என்று சொல்லிவிடக் கூடும். அவ்வாறு சொல்வது பொருந்துமா என்பது ஆராயத் தக்கது.

நீண்ட தொலைவைக் காலால் கடப்பது விளையாட்டாவதற்கு முன்னர்த் தொழிலாக இருந்தது. திருவாங்கூர் நாட்டில் 'அஞ்சல்' என்ற பெயரில் அரசின் கடிதப் போக்குவரத்து நடைபெற்றது. மணி கட்டிய கோலைக் கையிற் பிடித்து, பையைத் தோளில் தாங்கி, அஞ்சற்காரர் சாலையில் ஓடிவருவார். மணியொலி கேட்டதும் எதிரே வருவோர் விலகி வழிவிட வேண்டும். குறித்த எல்லையில் காத்திருக்கும் அடுத்தவரிடம் பை கைமாறும். இன்றைய குமரி மாவட்டம் 1956 வரையில் அந்நாட்டின் எல்லைக்குள் இருந்ததாகலின், இவ்வோட்டம் தமிழ் பேசுவோர்க்கும் பழகிய காட்சியே. 1951இல் திருவாங்கூர் அஞ்சல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. சொல் மட்டும் அழியவில்லை. கடித நிலையத்திற்கு 'அஞ்சலகம்' என்று பெயராயிற்று. பள்ளி விளையாட்டு விழாக்களில் கோல் மாற்றி ஓடும் போட்டிக்கு 'அஞ்சலோட்டம்' என்னும் பெயரும் வழங்குகிறது. அப்பெயரின் பொருத்தத்தை மாணவர்க்கு எடுத்துச் சொல்லும் ஆசிரியர் எத்துணைப் பேர் என்பது தெரியவில்லை.

மாரத்தான் எனப்படும் நெட்டோட்டமும் ஒரு தூதனின் கதையிலிருந்து பிறந்ததேயாகும். கிரேக்க வரலாற்றாசிரியர் எரொடோட்டசு கூறும் தூதன் ஏதென்சிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு உதவி வேண்டி ஓடியவன். ஏறத்தாழ 240 கிலோமீட்டரை அவன் இரண்டு நாளில் கடந்தான் என்பது அவர் கூற்று. மாரத்தான் களத்திலிருந்து வெற்றிச் செய்தியைக் கொணர்ந்து ஏதென்சில் உயிர்விட்ட வீரனைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அக்கதை பல நூற்றாண்டு கழித்துப் புளூட்டார்க்கு, லூசியன் ஆகியோர் நூல்களில்தான் காணப்படுகிறது. எனினும் பிரெஞ்சு மொழியறிஞர் மிசேல் பிரேயால் அக்கதையைப் பற்றிக்கொண்டு, 1896இல் ஏதென்சில் நடந்த ஒலிம்பிக்கு விழாவில் ஒரு நெட்டோட்டம் வேண்டுமென்றார். ஒரு மொழியறிஞரின் யோசனையில் விளைந்த விளையாட்டு இது என்பது தமிழாசிரியர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகலாம். அவ்வோட்டத்தில் வென்ற ஸ்பிரிடோன் லூயிசு, தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைத்தவர். அன்றைய தொலைவு சுமார் 40 கிலோமீட்டர். 42 கிலோமீட்டர் 195 மீட்டர் என்னும் கணக்கு 1908ஆம் ஆண்டு இலண்டன் ஓட்டத்தில் வந்தது. 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது.

நெட்டோட்டத்தின் தொடக்க ஆண்டுகளைப் புரட்டினால், ஓட்டக்காரர்க்குப் பெரும்பகை தொலைவன்று, வெப்பமே என்பது விளங்கும். 1904இல் செயின்ட் லூயி நகரில் கடும் வெயிலிலும் புழுதியிலும் 32 பேர் புறப்பட்டு 14 பேரே எல்லை சேர்ந்தனர். 1908இல் இலண்டனில் முதலாவதாக அரங்கினுள் நுழைந்த இத்தாலியர் டொராண்டோ பியெட்ரி தள்ளாடிப் பலமுறை விழுந்தார். தாங்கிப் பிடித்து எல்லை சேர்த்த அலுவலரின் இரக்கமே அவர் பரிசை இழக்கக் காரணமாயிற்று. 1912இல் ஸ்டாக்ஹோம் நகரில் போர்த்துகல் நாட்டின் பிரான்சிசுகோ லாசரோ வெயிலில் சுருண்டு விழுந்து மறுநாள் இறந்தார். காமன்வெல்த் போட்டிகளின் முன்னோடியான பேரரசுப் போட்டிகளிலும் இத்தகைய துயரம் நேர்ந்தது. 1954இல் வான்கூவரில், மற்றவரைவிடப் பல நிமிடங்கள் முந்தி வந்த இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்சு, அரங்கினுள் கால் இடறி இடறி விழுந்து, எல்லையைத் தொடாமலே தூக்கிச் செல்லப்பட்டார். அதன்பின் அவர் எந்தப் போட்டியிலும் ஓடவில்லை.

வடநாடுகளில் கோடைநாள் ஒன்றில் தற்செயலாக நேரும் இவ்வெம்மை, கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 3 பாகையில் அமைந்த நகரம் இது. இங்கே பொழுது புலரும் முன்னரும் வெப்பம் 24 பாகை செல்சியசு அளவில் நிற்கும். அவ்வேளையில் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்குத் தொண்ணூறை நெருங்கும். உடலில் எழும் சூட்டைப் போக்குவது வியர்வை என்பர். நுணுகிப் பார்த்தால், வியர்வை வழிவதனால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாகும்போதே குளிர்கிறது. காற்றில் முன்னரே நீர் நிரம்பியிருந்தால் வியர்வை ஆவியாகாது வீணே சொட்டும். நீரும் உப்பும் போகும்; சூடு போகாது. குருதியின் ஒரு பகுதி தோலை நோக்கிச் செல்ல, கால் தசைகளுக்குச் சேர வேண்டிய பங்கு குறையும். இந்நிலையில் வேகத்தைக் குறைத்துக்கொள்வதைத் தவிர ஓடுவோர்க்கு வேறு வழியில்லை. குறைக்க மறுத்தோரின் பெயர்களையே மேலே கண்டோம்.

இந்நகரில் நெடுந்தொலைவு நடப்பது தமிழர்க்குப் புதிதன்று. செந்தூலை எடுத்துக்கொள்வோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இரயில்வேப் பட்டறை எழுந்தது. தமிழ்த் தொழிலாளரும் யாழ்ப்பாணத்து எழுத்தரும் அதனைச் சூழக் குடியேறினர். 1945இன் தொடக்க மாதங்களில் நேசநாட்டு விமானங்கள் குண்டு வீசி அப்பட்டறையைச் சிதைத்தன. போர் முடிந்தபின் அது மீண்டும் இயங்கிற்று. பட்டறை இன்று இல்லை. அதனையொட்டிய இரயில்வேக் குழிப்பந்துத் திடலும் பூங்காவாக மாறிவிட்டது. ஆயினும் தைப்பூசத்தின் முன்னிரவில் நகர நடுவிலுள்ள மகாமாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலை நோக்கிப் புறப்படும் இரதம் ஈப்போ சாலை வழியே செல்லும்போது, செந்தூல் மக்கள் திரண்டு உடன் நடப்பது தொடர்கிறது. பத்துக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. முடிவில் 272 படிகள். பகல் வெயிலைத் தவிர்த்து இரவிலே புறப்படுவதில் வழிபாட்டு மரபோடு இந்நாட்டுத் தட்பவெப்பத்தை அறிந்த அறிவும் கலந்திருக்கிறது எனலாம்.

50 கிலோமீட்டர் என்னும் தொலைவை உணர்ந்துகொள்ளவும் செந்தூலே துணையாகும். 1995இல் செந்தூலுக்கும் கிள்ளான் துறைமுகத்திற்கும் இடையே கொமுட்டர் மின்இரயில் ஓடத் தொடங்கிற்று. 2010இல் அத்தடம் பத்துமலை வரை நீட்டப்பட்டது. செந்தூல் நிலையத்தில் இறங்கி, அந்தத் தண்டவாளத்தை ஒட்டியே கடற்கரை வரை நடந்தால் ஏறத்தாழ அப்போட்டியின் தொலைவாகும். பிரிக்பீல்ட்சும் பெட்டாலிங் ஜெயாவும் ஷா ஆலமும் கிள்ளானும் கடந்து துறைமுகம் சேர வேண்டும். அதனை நான்கு மணி பத்து நிமிடத்தில், ஒருகணமும் ஓடாமல், நடந்தே முடிக்க வேண்டும்.

ஓடாமல் என்பதில்தான் இப்போட்டியின் கடுமை இருக்கிறது. நடைப்போட்டிக்கு இரண்டு விதிகள் உண்டு. எந்நேரமும் ஒரு காலேனும் நிலத்தில் பட்டிருப்பது நடுவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது ஒன்று. முன்வைக்கும் கால், நிலத்தைத் தொட்டது முதல் உடலுக்கு நேர் கீழே வரும் வரை முழங்காலில் மடங்காதிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. வழியெங்கும் நடுவர் நிற்பர். மூவர் சிவப்பு அட்டை எழுதிவிட்டால் போட்டியாளர் வெளியேற வேண்டியதே. களைப்பு மிகுந்த நேரத்தில் முழங்கால் தானே மடங்கும். விரைய முயன்றால் கால்கள் தானே நிலத்தை விட்டு எழும். ஆதலின் கடைசிக் கிலோமீட்டர்களில் மூச்சோடு போராடுவது போதாது. தன் கால்களையும் ஒரு நடுவராக நின்று கண்காணிக்க வேண்டும். ஓட்டக்காரர்க்கு இத்தொல்லை இல்லை.

செப்டம்பர் 11 முதல் 21 வரை நடைபெற்ற 1998ஆம் ஆண்டுப் போட்டிகளே ஆசியாவில் நிகழ்ந்த முதல் காமன்வெல்த் போட்டிகள். அவ்வாண்டின் வறட்சியால் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் பல மாதம் தண்ணீர்ப் பங்கீட்டில் வாடியிருந்தனர். 1966 முதல் 20 மைல், பின்னர் 30 கிலோமீட்டர் என்றிருந்த நடைப்போட்டி கோலாலம்பூரில்தான் முதன்முறையாக 50 கிலோமீட்டராக நீட்டப்பட்டது. வெம்மை மிக்க நகரில் தொலைவையும் கூட்டியது விந்தையே. சரவணனுக்கு நெருங்கிய போட்டியாக அமைந்தவர் ஆஸ்திரேலியாவின் டுவேன் கசின்சு. அவர் முடித்த நேரம் 4 மணி 10 நிமிடம் 30 விநாடி. வேறுபாடு 25 விநாடி. சரவணன் நேரத்தை 50ஆல் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு மிகச் சரியாக ஐந்து நிமிடம் வருகிறது; மணிக்கு 12 கிலோமீட்டர். கடைத்தெருவில் அவசரமாக நடப்பவரின் வேகத்தைப் போல இருமடங்கு அது. அந்த வேகத்தில் 25 விநாடி என்பது எண்பது மீட்டருக்குச் சற்றே மிகும். ஐம்பதினாயிரம் மீட்டர் நடந்து எண்பது மீட்டரில் வென்றார் என்க. காமன்வெல்த் தடகளத்தில் மலேசியாவுக்குக் கிட்டிய முதல் தங்கம் அதுவே.

இனி, முதலில் எழுப்பிய ஐயத்திற்கு வருவோம். கோலாலம்பூரில் அந்த நாட்களில் நெட்டோட்டமும் நடந்தது. அதில் ஓடியோர் பல நாட்டினர். ஆடவருள் லெசோத்தோ நாட்டின் தாபிசோ மொக்காலி 2 மணி 19 நிமிடம் 15 விநாடியில் வென்றார். அதற்கு முந்திய 1994ஆம் ஆண்டு விக்டோரியா போட்டியில் வென்ற நேரம் 2 மணி 11 நிமிடம் 49 விநாடி. பிந்திய மான்செஸ்டர் போட்டியில் 2 மணி 11 நிமிடம் 58 விநாடி. முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க, நடுவிலுள்ள கோலாலம்பூர் மட்டும் ஏழு நிமிடத்துக்கு மேல் பின்தங்குகிறது. மகளிர் ஓட்டத்திலும் இதுவே நிலை. ஆஸ்திரேலியாவின் ஹெதர் டர்லண்ட் கோலாலம்பூரில் 2 மணி 41 நிமிடம் 24 விநாடியில் வென்றார். 1994இலும் 2002இலும் வென்றோர் இரண்டரை மணிக்குச் சற்று மேற்பட்ட நேரமே எடுத்தனர். நூற்று விழுக்காட்டில் சொல்வதானால், மான்செஸ்டரை நோக்க, கோலாலம்பூரில் மகளிர் நெட்டோட்டம் ஏழரைப் பங்கு தாழ்ந்தது. ஆடவர் ஓட்டம் ஐந்தரைப் பங்கு. சரவணனின் நடை தாழ்ந்ததும் அதே ஏழரைப் பங்குதான். ஆடவர் நெட்டோட்டத்தைவிட இரு மணி நேரம் கூடுதலாக வெப்பத்தில் நின்ற போட்டி அது என்பதையும் கருத வேண்டும். ஆகவே, 17 நிமிட வேறுபாட்டின் பெரும்பகுதியை நகரின் கணக்கிலேயே எழுத வேண்டும். மனிதரின் கணக்கில் எழுதுவது முறையாகாது.

மூன்று போட்டிகளிலும் ஓடியோர் வெவ்வேறானவர், பாதைகளும் வேறு. எனவே இக்கணக்கை அணு அணுவாக நம்ப வேண்டுவதில்லை. நடைக்கலையில் தேர்ந்த மெக்சிகோ, உருசியா, போலந்து முதலிய நாடுகள் காமன்வெல்த்தில் இல்லை என்பதும் உண்மையே. வெப்பத்திலேயே பிறந்து பயின்றவர்க்கு ஒரு நன்மை இருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. குளிர்நாட்டு உடல் வெம்மைக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அந்நாட்களில் குருதி நீர் பெருகும், வியர்வை விரைந்து அரும்பும். ஆனால் இந்த நன்மை உள்ளூர்க்காரர் அனைவர்க்கும் பொது. அதனை எண்பது மீட்டர் வெற்றியாக மாற்றியவர் ஒருவரே.

பெயர் பற்றியும் ஒரு சொல். தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொள்ளும் வழக்கம் நமக்கில்லை. பிறநாட்டுப் பட்டியலாசிரியர் இதனை அறியாமல், கோவிந்தசாமி என்னும் தந்தையார் பெயரையே மகனின் பெயர்போல எழுதிவிடுவதுண்டு. பழைய முடிவுகளைத் தேடும் மாணவர் இரண்டு பெயரிலும் தேடிப் பார்த்தல் நன்று. மலேசியத் தமிழரின் விளையாட்டு வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு இது சிறு தடையன்று. விரைவோட்டத்தில் பெயர் பெற்ற மணி ஜெகதீசன், மா. இராஜமணி ஆகியோரைப் பலர் அறிவர். 1968இல் மெக்சிகோவில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடியது ஏறத்தாழ அரை நூற்றாண்டு நாட்டின் சாதனையாக நின்றது. நெடுந்தொலைவினர் அத்துணைப் புகழ் பெறவில்லை. 1970களில் ஆசிய அளவில் மலேசிய நடைக்குப் பெயர் தேடித் தந்த வி. சுப்பிரமணியத்தை இன்றைய மாணவருள் எத்துணைப் பேர் அறிவர்? மகளிருள், சிங்கப்பூரின் கந்தசாமி ஜெயமணி 1983இல் தென்கிழக்காசியப் போட்டியின் நெட்டோட்டத்தில் தங்கம் பெற்றார். ஒலிம்பிக்கில் மகளிர்க்கு நெட்டோட்டம் வைக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டில்தான் என்பதை நோக்க, அவர் முன்னோடிகளுள் ஒருவர் என்பது பெறப்படும்.

கோலாலம்பூர் 1998இல் கற்பித்த பாடத்தை உலகம் இருபது ஆண்டு கழித்தே கற்றது. 2019இல் தோஹா நகரில் உலகப் போட்டியின் மகளிர் நெட்டோட்டத்தை நள்ளிரவில் தொடங்கினர். அப்போதும் 68 பேருள் 28 பேர் முடிக்க இயலவில்லை. அதைக் கண்ட ஒலிம்பிக்கு ஆட்சிக்குழு, டோக்கியோ ஒலிம்பிக்கின் நெட்டோட்டத்தையும் நடைப்போட்டிகளையும் வடக்கே குளிர்ந்த சப்போரோவுக்கு மாற்றிற்று. 2021இல் அங்கே நடந்ததே ஒலிம்பிக்கின் கடைசி 50 கிலோமீட்டர் நடை. காமன்வெல்த்தில் அப்போட்டி 1998, 2002, 2006 ஆகிய மூன்று முறையே நடந்து நின்றுவிட்டது. பின்னிரண்டையும் டீக்ஸ் வென்றார். ஆதலின் அப்பட்டியலில் சரவணன், டீக்ஸ் என இருவர் பெயரே உள்ளன.

இன்று கோலாலம்பூர்ச் சாலைகளில் ஓடுவோர் வீரர் மட்டும் அல்லர். 1970இல் நியூயார்க்குப் பூங்கா ஒன்றில் 127 பேருடன் தொடங்கிய நகர நெட்டோட்டம் 1976இல் அந்நகரின் ஐந்து பகுதிகளுக்கும் விரிந்தது. 1981இல் இலண்டன் பின்பற்றியது. ஆசிரியரும் எழுத்தரும் இல்லத்தரசியரும் ஓடும் வழக்கம் உலகெங்கும் பரவியது. கோலாலம்பூரில் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கியின் ஆதரவிலான நெட்டோட்டம் 2009இல் தொடங்கிற்று. மெர்டேக்கா சதுக்கத்தில் திரளும் கூட்டம், குறுந்தொலைவு ஓடுவோரையும் சேர்த்து, சில ஆண்டுகளிலேயே முப்பதாயிரத்தை எட்டியது. முழுத் தொலைவினர் விடியலுக்கு வெகுநேரம் முன்னரே புறப்படுவர். வெயிலேறுமுன் முடித்துவிட வேண்டும் என்பதே நோக்கம். ஐந்து மணி, ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் எளியவர்க்கோ கடைசிப் பத்துக் கிலோமீட்டர் வெயிலில்தான். முதல் வரிசையில் ஓடுவோரைவிட அவர்களே வெம்மைக்கு நெடுநேரம் ஆட்படுகின்றனர். வென்றவரின் நேரத்தை மட்டும் அச்சிடும் செய்திகளில் இது வருவதில்லை.

வெப்பத்தை நேரம் மாற்றி ஏய்க்கலாம்; புகையை ஏய்க்க இயலாது. சுமத்திராவிலும் கலிமந்தானிலும் காடும் கரிச்சேற்று நிலமும் எரியும் ஆண்டுகளில் தென்மேற்குக் காற்று அப்புகையை மலேசியாவின் மேல் கொணர்ந்து குவிக்கிறது. ஓடுபவர் அமர்ந்திருப்பவரைவிடப் பன்மடங்கு காற்றை உள்ளிழுக்கிறார். நுண்துகளும் அவ்வளவு உட்செல்லும். 2013இல் ஜூன் இறுதியில் நடக்கவிருந்த கோலாலம்பூர் நெட்டோட்டம் புகைமூட்டத்தால் செப்டம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. 2015இல் அக்டோபர் 4ஆம் நாள் குறிக்கப்பட்டிருந்த ஓட்டம் முதல்நாள் வரை காத்திருந்து கைவிடப்பட்டது. பல மாதம் பயின்று வெளிநாடுகளிலிருந்தும் வந்திருந்தோர், கட்டுவதற்கு வைத்திருந்த எண்ணட்டைகளோடு திரும்ப நேர்ந்தது.